அல்சைமர் நோயும் மூளையின் ரத்தக் குழாய்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அல்சைமர் நோய் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் நரம்பு செல்களுக்கு இடையே சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு, செல்களுக்குள் உருவாகும் டாவ் புரத முடிச்சு எல்லாம் தெளிவாக இருந்தன. ரத்தக் குழாய்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. நோயியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

இந்த நோயாளிகளின் மூளைத் திசுவைக் காங்கோ சிவப்புச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நரம்பு செல்களுக்கு இடையே மட்டுமல்ல, சிறு தமனிகளின் சுவரிலும் அமிலாய்டு செந்நிறத்தில் தெரியும். முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் அதுவே ஆப்பிள் பச்சையாக மின்னும். முற்றிய நிலையில், சுவரின் தசை செல்கள் அழிந்து அந்த இடத்தில் இதுதான் நிறைந்திருக்கும். தசை போய்விட்டால் குழாய் தேவைக்கேற்ப விரியாது. சுவர் நலிந்து ரத்தமும் கசியலாம். அல்சைமர் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு உடலின் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் வேண்டும். ஓட்டம் குறைந்தால் எப்படித் தாங்கும்?

அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் இறந்தபின் தானமாகத் தந்த மூளைகளை ஆராய்ந்த டேவிட் ஸ்னோடன் குழு 1997-இல் சொன்னதையும் சேர்த்திருக்கலாம். அல்சைமர் மாற்றங்கள் இருந்தவர்களிலேயே, மூளையின் உட்பகுதியில் ஓரிரு சிறு ரத்தக் குழாய் அடைப்புகளும் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கும் நிலை) இருந்திருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

லெக்கானெமாப், டொனானெமாப் போன்ற புது மருந்துகள் அமிலாய்டை அகற்றுகின்றன, சரி. ஆனால் அப்போது சிலருக்கு மூளையில் வீக்கமோ நுண்கசிவோ வருகிறது. அதனால்தான் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். இதைச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் சொன்னால், எப்படியாவது அந்த ஊசியை வாங்கிவிடத் துடிக்கும் குடும்பங்கள் என்ன செய்யும்?

நம் கையில் இருப்பது பி.பி. 2019-இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவே குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் இது சின்ன விஷயமல்ல. எல்லோருக்கும் 120 பொருந்தாது, அதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்படியும் ஒரு முறை அளவு சரியாக வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களை என் தெருவிலேயே பார்க்கிறேன். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்காக, ஒரு நரம்பியல் மருத்துவரைக் கொண்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்