பங்குனியில் மட்டும் வந்தால் குளம் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 27 நட்சத்திரங்களுக்கும் உரிய கோயில்களை வாரம் ஒன்றாக எழுதி வருகிறீர்கள். விசாகத்துக்குப் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில் என்று வந்த வாரம், எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டி பூஜை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார்கள். என் மருமகளுக்கு விசாகம். உத்திரத்துக்கு லால்குடி பக்கத்தில் உள்ள இடையாற்றுமங்கலம் மாங்கல்யேஸ்வரர் கோயிலைச் சொல்லியிருந்தீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் உத்திரம் என்றால் சாஸ்தாதான், அதாவது அய்யனார். அவர் பிறந்த நட்சத்திரம் அது. பங்குனி உத்திரம் நெருங்குகிற நேரம் என்பதால் அவரைப் பற்றியும், அவர் காவல் இருக்கிற குளங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளி மாவட்டத்து வாசகர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தீபாவளிக்கு ஊருக்கு வராதவர்கள்கூட பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. மூன்று தலைமுறைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் பூட்டன் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று தெரியாது. சாஸ்தா எந்த ஊரில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஒரே சாஸ்தாவை நாலைந்து சாதிக்காரர்கள் கும்பிடுவதும் உண்டு. அன்றைக்கு ஒருவர் பொங்கல் அடுப்புக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் அடுப்பு மூட்டுவார். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார், திருச்செந்தூர் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார், தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் என்று பேர் பெற்ற கோயில்கள் சில இருக்கின்றன. குலதெய்வம் எது என்றே தெரியாமல் போனவர்கள் சொரிமுத்து அய்யனாரிடம் போய் நிற்பார்கள். இவர்களைத் தவிர்த்து, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு குளத்தங்கரையில், வருஷத்தில் ஒரு நாள் தவிர ஆளரவமே இல்லாமல் இருக்கிற சாஸ்தாக்கள்தான் நிறைய.

எங்கள் சாஸ்தாவும் அப்படித்தான். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் குளங்களில் ஒன்றின் கரையில் இருக்கிறார். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகிற விஷயத்தில் மறுபக்கம் நிற்பவர்களும் என் பங்காளிகள்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்கள். எனக்குக் குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சாஸ்தாவுக்கு விளக்குப் போடுவது எங்கள் வீட்டு முறை.

கோயில் என்று சொன்னால் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கல் அறை. உள்ளே தேவியர் பூரணை, புஷ்கலையோடு சாஸ்தா. வெளியே இலுப்பை மரத்தடியில் பேச்சி, கருப்பசாமி, தளவாய் மாடன், சங்கிலி பூதத்தார் எல்லோரும் பீடங்களாக நிற்கிறார்கள். உத்திரத்துக்கு முதல் நாள் பீடங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மறுநாள் சாஸ்தாவுக்கு அபிஷேகம், சர்க்கரைப் பொங்கல். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் நேரத்தில் சாஸ்தா முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள். அவருக்குச் சைவப் படைப்புதான்.

அந்த இலுப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பூப்பதே பங்குனியை ஒட்டித்தான். விடியும் முன்னால் போய்ப் பார்த்தால், மரத்தடி முழுக்க வெளிர் மஞ்சளில் சதைப்பற்றான பூக்கள் உதிர்ந்து கிடக்கும். மிதித்தால் உள்ளங்காலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஒன்றை எடுத்து வாயில் போட்டால் நல்ல தித்திப்பு. அதற்குப் பின்னாலேயே ஒரு பச்சை வாடை வரும். ராத்திரி முழுக்க வௌவால்கள் அந்தப் பூவுக்குத்தான் வருகின்றன. ஆனி, ஆடியில் கொட்டை பொறுக்கி ஆட்டிய எண்ணெயில்தான் என் அப்பா காலம் வரை சாஸ்தாவுக்கு விளக்கு எரிந்தது. இப்போது பாக்கெட் எண்ணெய் வாங்குகிறோம். சரி, அது காலத்தின் கோலம்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாகத் திருப்பணிப் பேச்சு நடக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தலைக்கட்டு வரி போக, சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் தாராளமாகப் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால், குளத்துக்குள் இறங்குகிற சரிவில் மண்ணடித்து மேடாக்கி அன்னதான மண்டபம், அதை ஒட்டி கார் நிறுத்த சிமெண்ட் தளம், பீடங்களுக்கு டைல்ஸ், வௌவால் எச்சம் போடுகிறது என்பதால் இலுப்பையை எடுத்துவிடுவது. வரைபடம்கூட வந்துவிட்டது. அந்த இடம் குளத்து நீர்ப்பிடிப்பு, தண்ணீர் நிற்கிற இடம் என்று நான் எழுதினேன். உடனே சென்னையில் இருக்கிற என் தம்பி மகன் போன் செய்தான். "அது சும்மா கெடக்க தரைதான பெரியப்பா? நா சின்னப் பிள்ளையில இருந்து பாக்கேன், தண்ணியே கெடந்தது இல்லையே" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது அதுதான். பிறந்ததிலிருந்து அவன் இந்தக் குளத்தைப் பார்த்ததெல்லாம் பங்குனி உத்திரத்தன்று மட்டும். பிசான நெல் அறுத்து முடிந்து, கால்வாயில் தண்ணீர் குறைந்து, குளம் வற்றிக்கொண்டு வருகிற மாதம் அது. கரையோரத்தில் தரை வெடித்துக் கிடக்கும். நடுக்குளத்தில் கொஞ்சம் தண்ணீரும் அதில் நாலு எருமையும் தெரியும். வேன்கள் கரையிலிருந்து இறங்கி குளத்துக்குள்ளேயே நிற்கும், பிள்ளைகள் அங்கேயே கிரிக்கெட் ஆடுவார்கள். அப்படிப் பார்த்த கண்ணுக்கு அது காலி மனையாகத் தெரிந்தால் அதிசயம் இல்லை.

ஆனால் அதே இடத்தைக் கார்த்திகையில் வந்து பார்க்கச் சொல்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்து, கால்வாய்த் தண்ணீரும் மேட்டுநிலத்து ஓடைத் தண்ணீரும் சேர்ந்துவிட்டால், வரைபடத்தில் மண்டபத்துக்குக் கோடு போட்டிருக்கிற இடத்தில் இடுப்பளவுக்கு நிற்கும். கோயிலின் பின்படியில் உட்கார்ந்தே கால் நனைக்கலாம். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகாலில் விழுகிற சத்தம் ராத்திரியில் எங்கள் திண்ணை வரை கேட்கும். நாமக்கோழியும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் கழுத்தில் பைனாகுலரோடு கரையில் நடந்து போவதைப் பார்க்க எனக்குப் பெரிய சந்தோஷம்.

சாஸ்தாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்ததே அந்தத் தண்ணீருக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மடை திறக்கும் முன் அவருக்கு ஒரு தேங்காய் உடைப்போம். அறுத்த நெல்லில் அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைப்போம். ராத்திரியில் குதிரையேறிக் கரையைச் சுற்றி வருகிறார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கரையில் மண் வெட்ட, மரம் வெட்ட முன்பெல்லாம் யாருக்கும் கை வராமல் இருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். கன்னடியன் கால்வாய் வந்த கதையை இங்கே பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள்: அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே போய், அது நடந்த வழியில் கால்வாயும் படுத்த இடத்தில் குளமும் வெட்டினார்கள் என்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரிகிற கால்வாய் இது. எங்கள் சாப்பாடு அதில்தான் வருகிறது. சாஸ்தாவின் படைப்புச் சோறும் அதில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் குளமும் தளும்பியது. ஊரில் இருந்த ஆண்கள் பெண்கள் எல்லோரும் ராத்திரி மணல் மூட்டை சுமந்தோம். கரை சரியத் தொடங்கிய இடம் எது தெரியுமா? சில வருஷங்களுக்கு முன்னால் உத்திரத்துக்கு வருகிற பெரிய பஸ் திரும்ப வேண்டும் என்று பனைகளை எடுத்துவிட்டு அகலப்படுத்திய இடம். இலுப்பையும் மருதமும் நிற்கிற கோயில் பக்கத்தில் ஒரு கூடை மண்கூட விழவில்லை. வேர் அப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்து மரத்தைத்தான் இப்போது எடுக்க வேண்டும் என்கிறார்கள். நீர்ப்பிடிப்பில் ஒரு மண்டபம் அளவுக்கு மண்ணைக் கொட்டினால், அவ்வளவு தண்ணீர் அடுத்த பெருமழைக்குக் கரையில்தான் ஏறும். கரைக்குக் கீழே எங்கள் தெரு இருக்கிறது.

குளத்து நீர்ப்பிடிப்பில் கட்டுவது சட்டப்படியும் கூடாது. ஏரி குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கோயில் பெயரில் கட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. சாஸ்தா பெயரைச் சொல்லி அவர் காவல் காக்கிற குளத்தைத் தூர்ப்பதா?

வருகிறவர்களுக்கு வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் உடை மாற்ற ஒரு மறைவான இடம் இல்லை, கழிப்பறை இல்லை. வயசானவர்கள் உட்கார ஒரு திண்ணை இல்லை. இதெல்லாம் கட்டாயம் வேண்டும். அதற்கு ரோட்டை ஒட்டி, கரையிலிருந்து தள்ளி, கோயிலுக்கே சொந்தமான மனை கிடக்கிறது. பந்தி போடத் தாராளமாக இடம் இருக்கும். கோயிலுக்கு நடந்து வர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மிச்சப் பணத்தில், குளத்துக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கலாம், மதகு ஷட்டர் ரிப்பேர் பார்க்கச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து மனுக் கொடுக்கலாம், பனை போன இடத்தில் பனங்கொட்டை ஊன்றலாம். பீடங்களுக்கு டைல்ஸ் ஒட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஒட்டிவிட்டால் முதல் நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு அப்புறம் கோயிலில் என்ன வேலை இருக்கிறது?

உங்களிடம் கேட்பது இதுதான். பங்குனி உத்திரத்துக்குச் சிறப்புப் பஸ், உள்ளூர் விடுமுறை என்று செய்தி போடும்போது, சாஸ்தா கோயில்களை ஒட்டிய குளங்களைப் பற்றியும் நாலு வரி சேருங்கள். வண்டியைக் குளத்துக்குள் இறக்க வேண்டாம், மதகு ஓரத்தில் இலைகளையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் போட வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் கேட்பார்கள்; எங்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் குறைவு. எங்கள் ஊர் என்று இல்லை, களக்காட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை குளத்தங்கரைச் சாஸ்தாக்களுக்கெல்லாம் இது பொருந்தும்.

இதைப் படிக்கிற என் பங்காளிகளுக்கும், இதே மாதிரித் திருப்பணிக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கிற மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உத்திரம் பங்குனியில் மட்டும் வருவது இல்லை, மாதாமாதம் வருகிறது. வருகிற கார்த்திகை உத்திரத்துக்கு ஒரு தடவை வாருங்கள். கூட்டம் இருக்காது, சாஸ்தாவை நின்று நிதானமாகக் கும்பிடலாம். அச்சன்கோவில், ஆரியங்காவுக்கு மாலை போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது வழியில்தான். வரைபடத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். மண்டபத்துக்குக் கோடு போட்ட இடத்துக்கு நான் கூட்டிப் போகிறேன், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். அதுவரை பங்குனிக் கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், மரத்தில் கோடாலி வைக்க வேண்டாம். கார்த்திகையில் கரையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். வருகிற எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.