ஹம்ப்தா கணவாய்க்கு ஒரு ட்ரைபாட்

கோயம்புத்தூர்,
ஆடி மாதம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேறி, செப்டம்பரில் இமாச்சலத்து ஹம்ப்தா கணவாய் மலைநடைக்குப் பெயரும் கொடுத்துவிட்டாய் என்றதில் ரொம்பச் சந்தோஷம். மகளுக்கு வேலை உறுதியானது அதைவிட நல்ல சேதி. இனி, கேமராவை நிறுத்தும் முக்காலி, அதாவது ட்ரைபாட், எதை வாங்கலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

பெட்டியின் மேல் ‘8 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்தாதே. அதை இப்படித்தான் அளக்கவேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்குப் போட்டுக்கொள்கிறது. உன் சோனி ஏ7 ஃபோர் கேமரா 658 கிராம், 20 மி.மீ. லென்ஸ் 373 கிராம். சேர்த்தால் ஒரு கிலோ சொச்சம். இதைத் தாங்குமா என்று யோசிக்கவே வேண்டாம். காற்றில் ஆடாமல் நிற்குமா என்று மட்டும் பார்.

ட்ரைபாட் கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய் அடுக்குகள். ஆட்டம் பெரும்பாலும் மெலிந்த கடைசி அடுக்கில்தான் தொடங்கும். குழாயின் சுவர்த் தடிமன் அப்படியே இருக்க, விட்டம் மட்டும் பாதியானால் வளையாமல் நிற்கிற உறுதி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்தடுக்குக் காலில் மேல்குழாய் 22 மி.மீ. இருந்தாலும், கீழே வரவர 10, 11 மி.மீ.க்கு மெலிந்துவிடலாம். மடக்கினால் குட்டியாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. அதனால் உனக்கு நான் சொல்வது நாலடுக்குக் கால். கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டைத் தூக்காமலே 120லிருந்து 130 செ.மீ. உயரம் வரவேண்டும். கேமராவைத் தாங்கும் ஹெட், கேமராவின் அடியில் பூட்டும் ப்ளேட் எல்லாம் சேர்த்து 1.3 கிலோவைத் தாண்டக்கூடாது. மடக்கினால் 45 செ.மீ.க்குள் இருந்தால் போதும். கண் மட்டத்துக்கு உயரம் வேண்டுமென்று ஆசைப்படாதே. உன் கேமராவின் திரை திரும்பும், கொஞ்சம் குனிந்தால் ஆயிற்று.

எடையைப் பார்க்கும்போது ஒரு சூது இருக்கிறது. சிலர் கால்களின் எடையை மட்டும் போடுவார்கள். உருண்டைமேல் திரும்பும் சின்ன பால் ஹெட்டே 250, 300 கிராம் வரும். தராசில் முழுசாக வைத்துப் பார்த்த எடைதான் உன் முதுகில் ஏறப்போகிற எடை.

பீக் டிசைன் கம்பெனியின் ட்ராவல் ட்ரைபாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். கார்பன் 1.27 கிலோ, அலுமினியம் 1.56 கிலோ, மடக்கினால் 39 செ.மீ. பையில் அதைப்போல ஒடுங்குவது அபூர்வம்தான். ஆனால் அது ஐந்தடுக்கு. தவிர, நடுத்தண்டைக் கொஞ்சமாவது உயர்த்தினால்தான் ஹெட்டை இஷ்டப்படி சாய்க்க முடியும். கடைசி அடுக்கை உள்ளேயே விட்டுவிட்டுத் தாழ்வாக வைத்து எடுக்கச் சம்மதமென்றால் வாங்கு. கார்பனுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் விலை கொடுத்து நீ மிச்சம் பிடிப்பது 290 கிராம். நாள் முழுக்க நடக்கிறவனுக்கு அது பெரிசுதான். விடிகாலைக் குளிரில் அலுமினியம் விரலைக் கடிக்கும், கார்பன் அவ்வளவு கடிக்காது. கை முட்டினால் இப்போது அலுமினியத்தை வாங்கு, கார்பனுக்கு அடுத்த முறைக்குப் பணம் சேர். மெலிந்த கார்பனைவிடத் தடித்த அலுமினியம் எவ்வளவோ மேல்.

ஹெட்டில் ஆர்க்கா முறை (பல கம்பெனி ஹெட்டுக்கும் பொருந்தும் வகை) ப்ளேட் இருக்கட்டும். கேமராவில் பூட்டும் திருகு 1/4 அங்குலம், ஹெட்டைக் காலோடு பூட்டும் திருகு பெரும்பாலும் 3/8 அங்குலம். இரண்டும் நடக்க நடக்கத் தளரும். ப்ளேட்டுக்கு உண்டான ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) மறந்தால் மலையில் எங்கும் கிடைக்காது. காலிலேயே ஒட்டி வைத்துக்கொள். ஹெட்டின் உருண்டைக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதே, இறுக்கினாலும் வழுக்கும். ஒரு பழைய சாக்ஸை மாட்டினால் புழுதி படியாது.

அடுக்குகளை நீட்டியபின் இறுக்கும் லாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போவது அதுதான். திருகு லாக் இலேசு, எதிலும் மாட்டாது. மணல் புகுந்தால் மட்டும் கரகரவென்று அரைக்கும். அப்போது பலம்போட்டு முறுக்காதே. காலை வெளியே உருவி, உள்ளே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கவனித்துக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பூட்டு. வழியில் வரும் ஷியா கோரு முகாமின் ஆற்றங்கரையில் சேற்றிலோ நீரிலோ ட்ரைபாட் காலை வைப்பதாக இருந்தால் வழக்கத்துக்கு மாறாகக் கடைசி மெல்லிய அடுக்கை முதலில் நீட்டு. லாக்குகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். கரையில் காற்றடித்தால் நேர்மாறு: தடித்த அடுக்கை முதலில். ஓடும் நீரில் கால் நின்றால் நீரோட்டமே அதைக் குலுக்கும், முடிந்தவரை பாறைமேல் வை.

சந்திரதால் ஏரியில் பால்வீதி எடுக்கத்தானே இவ்வளவும்? செப்டம்பரில் இருட்டியதும் தென்மேற்கில் பார். அதன் நடுப்பகுதி அங்கே அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறாது. அதனால் ட்ரைபாட்டைத் தாழ்வாக வைத்தாலும் ஒன்றும் குறையாது, முன்னால் பாறை மறைக்காமல் இருந்தால் சரி. கேமரா வாரைக் கழற்றிவிடு, காற்றில் படபடத்து அதுவே ஆட்டிவிடும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணை. 5 விநாடி டைமர் வை. 20 மி.மீ.க்கு 25 விநாடி திறந்து வைக்கலாம் என்று, 500ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுக்கும் பழைய கணக்கு சொல்லும். உன் 33 மெகாபிக்சலுக்கு 15ஐத் தாண்டாதே, விண்மீன் கோடாகும். நடுத்தண்டுக் கொக்கியில் பையை அந்தரத்தில் தொங்கவிட்டால் அது ஊசலாடி ஆட்டத்தைக் கூட்டும். ஒரு மஞ்சப்பை எடுத்துப்போ, கல்லைப் போட்டு, அடி தரையில் பட்டும் படாமலும் இருக்கும்படி மாட்டு.

நடக்கும்போது ட்ரைபாட்டை ஹெட் கீழே போகும்படி பையின் பக்கப் பாக்கெட்டில் செருகி, மேலே வாரால் இறுக்கு. எதிர்ப்பக்கம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். எடை ஏறத்தாழச் சமன்.

வாங்கியதும் உடுமலை மொட்டைமாடியிலேயே சோதித்துவிடு. இந்த ஆடிக்காற்றைவிட நல்ல பரிசோதகர் யார்? இருக்கிற நீளமான லென்ஸை மாட்டி, தூரத்துக் காற்றாலை ஒன்றின் தூணைத் திரையில் முழுசாகப் பெரிதாக்கி, காலை விரலால் ஒரு தட்டுத் தட்டு. ஒன்று, இரண்டு விநாடியில் படம் அடங்கினால் வைத்துக்கொள். அதற்கும் மேல் நடுங்கினால் கடைசி அடுக்கை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி தட்டு. அப்போதும் நடுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடு.

எது வாங்குவதாக இருந்தாலும் அடிக்குழாயின் விட்டத்தை மட்டும் எனக்கு எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலு