திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பூட்டும்போது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரகடம் பக்கம் நடக்கும் ஆட்குறைப்பு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, கடைசிப் பத்தி வரைக்கும். அங்கே போய் உங்கள் கட்டுரையாளர், தொழிற்சங்கம் என்பதே சாமி இல்லை என்பவர்கள் கொண்டுவந்த சமாச்சாரம், அதற்குள் சாமியார்களையும் பாதிரியார்களையும் இழுப்பது நியாயமில்லை என்று எழுதி முடித்துவிட்டார். மூன்று நாளாக அந்த வரி தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் அச்சுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்குத் தெரியாத சென்னை வரலாறா?

பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பெயரே சொல்லும், பக்திப் பிரசங்கம் நடத்துகிற சபை. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் உழைத்துக் களைத்து வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டு முடித்துத் தங்கள் கஷ்டத்தையும் சொல்வார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ‘இது எங்கள் வேலை இல்லை, நாங்கள் பஜனை பண்ணுகிறவர்கள்’ என்று சொல்லவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரோடு தியசாபிகல் சொசைட்டி என்கிற பிரம்மஞான சபையில் இருந்த பி.பி. வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், கூடவே நின்றவர் திரு.வி.க., அவர் எப்பேர்ப்பட்ட சைவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான் என்பார்கள். அது பிறந்தது பஜனை சபைத் திண்ணையில். இதில் எங்கே வந்தார்கள் சாமி இல்லை என்பவர்கள்? (அவர்கள் அப்புறம் வந்தார்கள், நிறையச் செய்தார்கள், அதையும் மறுக்கவில்லை.)

என் அப்பா அதே மில்லில் நெசவுக்காரர். சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீதை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால்தான் செருகி வைப்பார். 1996இல் மில் மூடுவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், அந்த வகையில் கொடுத்து வைத்தவர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் லேத் ஓட்டினேன். பெயர் வேண்டாம். புது ஷெட் கட்டியபோது எங்கள் பங்கு ஃபாதர் வந்து மந்திரித்தார், மெஷின் மெஷினாகத் தீர்த்தம் தெளித்தார். என் லேத் மேல் விழுந்த சொட்டைத் துடைக்க எனக்கு மனசு வராமல் அப்படியே காயவிட்டேன். அதே வாரம் கோயிலிலிருந்து குருக்கள் வந்து கணபதி ஹோமம். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் பொரியும் கடலையும் சாமந்தியும் கம்பெனிச் செலவு. சரி, சந்தோஷம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. நூற்றுச் சொச்சம் பேர் வெளியே. சங்கம் வைத்ததற்கான கூலி அது. பதினோராம் நாள் ராத்திரி எங்கள் செயலாளரை ரயில்வே கேட் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட மூன்று பேர் இரும்புக் குழாயால் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. போலீஸ் எழுதிக்கொண்டது, பைக்கிலிருந்து தவறி விழுந்தார் என்று!

ஃபாதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஜெபித்தார், ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கலெக்டருக்கு எழுதிய மனுவை நீட்டி, பங்குத்தந்தை என்று ஒரு கையெழுத்துப் போதும் ஃபாதர் என்றேன். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மனுவை இரண்டு தடவை படித்தார், மூடியைத் திரும்பப் போட்டுப் பையில் செருகிக்கொண்டார். “இது அரசியல்ப்பா, பூசையில் வேண்டிக்கொள்கிறேன்” என்றார். கோயில் மண்டபத்தைக் கூட்டத்துக்குக் கேட்கப் போன நண்பர்களுக்குத் தர்மகர்த்தா சொன்னதும் கிட்டத்தட்ட இதே, அவர் வேண்டிக்கொள்வதாகக்கூடச் சொல்லவில்லை. மண்டபத்து மின்விசிறிகளில் எங்கள் முதலாளி பெயர் எழுதியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்காமல் வந்தது ஒன்றுதான். அது ரமலான் மாதம். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து ஒரு பையன் தினமும் சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டியில் எவர்சில்வர் வாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கேட்டடியில் வைத்துவிட்டுப் போவான். பேச்சு கிடையாது, போட்டோ கிடையாது. காலி வாளியை நாங்கள் கழுவித் திருப்பிக் கொடுப்போம். இருபது நாள் அந்தக் கஞ்சியில்தான் எங்கள் போராட்டப் பந்தல் நின்றது.

உங்கள் கட்டுரையாளர் மதம் தலையிடக் கூடாது என்கிறார். சாமி, அது எப்போதோ தலையிட்டாயிற்று, முதலாளி பக்கம்! நாங்கள் கேட்பது இந்தப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள் என்றுதான். 1891இலேயே போப் பதிமூன்றாம் லியோ, தொழிலாளிகள் சங்கம் வைப்பது அவர்கள் உரிமை என்று சுற்றுமடல் எழுதிவிட்டார். 2025இல் வந்த புதுப் போப், பதினான்காம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கே அந்தச் சுற்றுமடல்தான் முக்கியக் காரணம் என்று அவரே சொன்னார். ரோமில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் பங்குப் பேரவையில் கேட்டால் அது என்ன ஆராய்ச்சி என்கிறார்கள்.

2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் உட்கார்ந்தார்கள், சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி. ராத்திரியில் வீடு தேடிப்போய்க் கைது, பந்தல் பிரிப்பு எல்லாம் நடந்தது. அந்த வருஷ ஆயுத பூஜை அந்த 37 நாளுக்குள்தான் வந்தது. ஊரில் உள்ள எந்திரத்துக்கெல்லாம் பொட்டு வைத்தோம், எந்திரம் ஓட்டுகிறவன் ரோட்டில் இருந்தான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் கதையைச் சொல்லவே வேண்டாம். 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. 2024இல் மிச்சமிருந்தவர்களை விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மலையில் கோயில் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய அந்த ஒரகடம் பையன்களில் ஒருவன் என் தங்கை மகன். முப்பது, நாற்பது பேர் ஞாயிறு ஞாயிறு கூடிப் பேச ஓர் இடம் தேடுகிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லை, மரத்தடியில் நின்றால் போலீஸ் வருகிறது. உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கும்பாபிஷேகம், கொடியேற்றம் எல்லாம் இலவசமாகப் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் நாலு வரி போதும்: கோயிலோ சர்ச்சோ மதரஸாவோ, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு கூடம் தந்தால் உபகாரமாக இருக்கும் என்று. பாய், நாற்காலி எதுவும் வேண்டாம், பெருக்கிவிட்டுத்தான் போவார்கள். தொடர்புக்கு என் முகவரியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து,
முப்பது வருஷ வாசகன்