சாங்ஆனுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள கவிதாவுக்கு,

சித்தி போன் பண்ணியிருந்தார். சீனாவில் டோங்குவானுக்கு மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சு) வேலைக்கு உன்னை அனுப்புகிறார்கள், நீயும் சரி என்று சொல்லிவிட்டாய், சித்தப்பாவுக்கும் சம்மதம்தான். சித்திக்கு மட்டும் ஒரே கவலை: "வேலை நாள்ல கம்பெனி பாத்துக்கும், சனி ஞாயிறு அந்த ஊர்ல தனியா என்ன பண்ணுவா?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். உன்னை மாதிரியே கிளம்பத் தயாராக இருக்கும் வேறு சில பெண்களும் இதையே கேட்டார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பேசி முடித்துவிடலாம். நீ போகிற சாங்ஆன், டோங்குவானின் தெற்கு ஓரத்தில் ஷென்ஷெனை ஒட்டி இருக்கிறது. மோல்டுக்கும் இரும்புச் சாமான்களுக்கும் பேர்போன ஊர். ஒரு தெருவில் டூல் ஸ்டீல் விற்பார்கள், அடுத்த தெருவில் பாலிஷ் போடுவார்கள், அதற்கடுத்த தெருவில் எஜெக்டர் பின் (வார்த்த பார்ட்டை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசி) கிலோ கணக்கில் கிடைக்கும். ட்ரயலுக்கு, அதாவது மோல்டை மெஷினில் ஏற்றிப் பார்ட் வார்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மொழி பெரிய தடையாக இருக்காது. பார்ட் சூட்டோடு வெளியே வந்ததும் கையில் வாங்கி, சிங்க் மார்க் (மேல்பரப்பில் குழிவு) விழுந்த இடத்தை மார்க்கரால் வட்டம் போட்டுக் காட்டினால் அங்கே மோல்டு செய்கிற டூல்மேக்கருக்கு உடனே புரிந்துவிடும். வீசாட் என்ற சீனச் செயலியில் சீனத்தில் வரும் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். மீதிக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வை. கேவிட்டியில், அதாவது மோல்டுக்குள் பார்ட்டின் உருவம் வெட்டியிருக்கும் குழியில், இரும்பை வெட்டி எடுப்பது சுலபம், வெட்டிய இடத்தை நிரப்ப வெல்டிங் போட்டாக வேண்டும். அதனால் சந்தேகமான அளவுகளில் இரும்பைக் கொஞ்சம் விட்டே வைத்திருப்பார்கள். முதல் ட்ரயலில் அளவு தள்ளியிருக்கிறதே என்று முகம் சுளிக்காமல், எந்தெந்த அளவை அப்படி விட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டு வாங்கு. அதைக் கேட்டவுடன் உன்னைப் பார்க்கும் பார்வையே மாறும். வயதில் சின்னப் பெண் என்ற எண்ணம் அந்த நிமிடமே போய்விடும்.

மதியம் 12 மணிக்குச் சாப்பாடு. அப்புறம் ஆபீசில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தூங்குவார்கள். மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில் வரும், கழுத்துத் தலையணை வரும், மானேஜரும் படுப்பார். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த வழக்கம் இது. நீயும் படுத்துக்கொள். அந்த நேரத்தில் போன் பேசுவதும் கீபோர்டைத் தட்டுவதும் வேண்டாம்.

சாப்பாட்டில் உனக்குப் பன்றி ஆகாது. பீன்ஸ் பொரியல் கேட்டால்கூட மேலே கொத்துக்கறி தூவி வரும். லான்சோ நூடுல்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்துவது, அங்கே பன்றி என்ற பேச்சே கிடையாது. கண்ணெதிரே மாவை இழுத்து இழுத்து நூலாக்கி மாட்டுக்கறிச் சாற்றில் போட்டுத் தருவார்கள். மாடும் வேண்டாத நாளில் தக்காளி முட்டை வதக்கலும் காரம் புளிப்பு போட்ட உருளைக்கிழங்கு வதக்கலும் சோற்றோடு கேள், ஏறக்குறைய எல்லா ஓட்டலிலும் கிடைக்கும்.

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன்.

ட்ரயல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை முடியும். திருத்த வேண்டிய மோல்டைச் சனி ஞாயிறில் பிரித்து, ஈடிஎம் (மின்பொறியால் இரும்பை அரித்து வடிவமைப்பது) போட்டு, பாலிஷ் பண்ணி, திங்கள் செவ்வாயில் மறுபடியும் மெஷினில் ஏற்றுவார்கள். இடையில் உனக்கு அங்கே வேலை இல்லை. நம்மூர் ஆட்கள் பலர் அந்த இரண்டு நாளும் ஓட்டல் அறையில் படுத்து, கொண்டுபோன ஊறுகாயையும் ரெடிமிக்ஸ் உப்புமாவையும் தின்று, போனில் படம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை எழுந்து போகிறார்கள். ஊர் திரும்பியதும் 'சைனால ஒண்ணும் இல்லப்பா' என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு வலிக்கும். நீ அப்படி இருக்காதே. ஒரு வாரக் கடைசியில் சுவான்சோவுக்குப் போ.

குவாங்சோ இல்லை, சுவான்சோ. டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ஃபூஜியன் மாகாணத்தில் கடலோரம் இருக்கிறது. ஷென்ஷென் வடக்கு ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் நாலு மணி நேரம் போல ஆகும். ரயில்வேயின் 12306 செயலியில் பாஸ்போர்ட் எண்ணைப் பதிவு செய்துவிட்டால் காகித டிக்கெட்டே வேண்டாம், பாஸ்போர்ட்தான் டிக்கெட். பயணத்துக்குச் சுமார் 15 நாள் முன்பு விற்பனை தொடங்கும். தானியங்கிக் கதவு உன் பாஸ்போர்ட்டைப் படிக்கவில்லை என்றால் ஓரத்தில் ஆள் நிற்கும் கதவுக்குப் போ, பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று அந்த ஊர். அரபு வணிகர்கள் செய்தூன் என்று அழைத்தார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கிருக்கும் சிங்ஜிங் மசூதி 1009ஆம் ஆண்டு கட்டியது. 2021இல் யுனெஸ்கோ அந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. இதெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும். நான் உன்னை அனுப்புவது கையுவான் கோயிலின் பின்பக்கத்துக்கு.

686இல் தொடங்கிய பெரிய பௌத்தக் கோயில் அது. கூட்டம் முழுக்க முன்வாசலிலும் இரண்டு கல் கோபுரங்களின் அடியிலும் நின்று படம் எடுக்கும். நீ பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போ. பின் தாழ்வாரத்தில் பட்டை தீட்டிய இரண்டு கல்தூண்கள் தனியாகத் தெரியும். கிட்டே போய் வட்டத்துக்குள் செதுக்கியிருப்பதைப் பார். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். இன்னொன்றில் குழந்தைக் கிருஷ்ணன் உரலோடு இரண்டு மரங்களுக்கு நடுவில். முகம் கொஞ்சம் சீனச் சாயல், உடை கொஞ்சம் சீனச் சாயல். ஆனால் கதையை உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கிற சீனப் பயணிக்கு அது ஏதோ பூ வேலைப்பாடு, உனக்கு அது ஆயா சொன்ன கதை. மண்டபத்தின் மேடைச் சுவரிலும் மனிதத் தலையும் சிங்க உடலுமாக வரிசையாகக் கற்கள் உண்டு, குனிந்து பார்.

அவை அங்கே இருந்த சிவன் கோயில் ஒன்றின் கற்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஊரிலேயே 1956இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது, தமிழில். கடைசியில் ஒரு வரி சீனம். சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகாசைகானின் உடல்நலத்துக்காக, அந்தக் கானின் ஆணைப்படி, திருக்கதலீஸ்வரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. குப்லாய் கான் ஆண்ட காலம் அது. யோசித்துப் பார், நம் ஆள் ஒருவர் மரக்கலத்தில் பருவக்காற்றுக்குக் காத்துக் காத்துப் போய்ச் சேர்ந்து, வியாபாரம் பண்ணி, ஆட்சியாளரிடம் அனுமதி வாங்கி, சாமியையும் வைத்து, அதை நம் எழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார். கோயில் நிலைக்கவில்லை. யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, அந்த ஊரில் பெரிய கலவரம் நடந்தது. வெளிநாட்டு வணிகர்கள் சிதறினார்கள். கற்கள் மட்டும் தூணாக, மேடையாக, சுவராக ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. பக்கத்தில் ச்சிதியன் என்ற இடத்தில் நான்கு கைகளோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தேவியை ஊர்க்காரர்கள் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வமாக நினைத்து இன்றும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

கையுவான் வளாகத்திலேயே ஒரு கப்பல் கூடம் உண்டு. 1974இல் ஹௌஜூ துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலத்துக் கப்பலின் அடிப்பாகம் அங்கே இருக்கிறது. உள்ளே பலகை வைத்து 13 அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் காப்பாற்றும். அதில் கிடைத்த சரக்கில் வாசனைக் கட்டைகள்தான் அதிகம், மிளகும் இருந்தது. நீ டிசைன் படித்தவள், அந்தத் தடுப்புப் பலகைகளைப் பொருத்தியிருக்கிற விதத்தை நின்று பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஷுன்பு போ. நகரத்தை ஒட்டிய மீனவர் ஊர். சிப்பி ஓட்டை வரிசையாக அடுக்கிக் கட்டிய பழைய சுவர்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றி மொட்டும் மலருமாகச் சரம் சரமாக வைத்துக்கொண்டு சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள். பூ வைக்காமல் வயதான பெண்கள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. இப்போது சீனா முழுவதிலுமிருந்து இளம் பெண்கள் வந்து காசு கொடுத்து அதே மாதிரி அலங்காரம் செய்துகொள்கிறார்கள். நீயும் செய்துகொள், கொண்டைக்கு உன் தலைமுடி தாராளமாகப் போதும். அந்தப் படத்தைச் சித்திக்கு அனுப்பு. பாதிக் கவலை அன்றைக்கே போய்விடும்.

மீதிக் கவலைக்கு: ராத்திரி பத்து மணிக்கும் பெண்கள் தனியாக நடக்கிற தெருக்கள் அவை. ஓட்டலில் பாஸ்போர்ட் காட்டினால் அவர்களே போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். யார் வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீதான் போய்ப் பதிய வேண்டும். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் மூன்றும் அங்கே அடைப்பு. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வேலை செய்யும், ஓட்டல் வைஃபையில் செய்யாது. அங்கே பணம் கட்டும் செயலிகளான அலிபேயிலும் வீசாட்டிலும் உன் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இங்கிருந்தே இணைத்துவிடு, ரூபே கார்டை நம்பிப் போகாதே. வீசாட் கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தச் சொல்லலாம், நான் செய்து தருகிறேன். கைப்பையில் டிஷ்யூ வைத்துக்கொள், பல பொதுக் கழிப்பறைகளில் இருக்காது.

சீனத் தேசிய தினமான அக்டோபர் 1 வாரத்தில் மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதே. நாடே ரயிலில் இருக்கும். அந்த விடுமுறையை ஈடுகட்ட முன்போ பின்போ ஒரு சனி அல்லது ஞாயிறு வேலை நாளாக்கிவிடுவார்கள், அதை ஆபீசில் முன்கூட்டியே கேட்டு வை. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் புறப்படும் ரயிலாகப் பார். அப்போதுதான் ராத்திரி அறைக்கு வந்து தூங்கி, திங்கள் காலை எட்டு மணிக்கு ட்ரயலில் நிற்க முடியும். விசா கைக்கு வந்ததும் தேதியைச் சொல், எந்த வாரம் டிக்கெட் எடுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா