2024–25 ஆண்டறிக்கை: ஒரு கொலைப் படமும் நம் உறுப்பினர்களின் தீர்ப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதம் ஒரு படம் என்ற வழக்கம் மழைக்காலத்தில் ஒருமுறை தவிர எங்கும் தடைபடவில்லை. நூலகத்தின் மாடிக் கூடத்தையே இந்த ஆண்டும் நமக்குத் தந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்ற திரையிடல்களின் விவரம் குறிப்பேட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் செயற்குழுவின் சம்மதத்தோடு ஒரே ஒரு படத்துக்குக் கொடுக்கிறேன். இந்த ஆண்டு நம்மிடையே அதிகம் வாக்குவாதம் கிளப்பியதும், உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டாம் முறை திரையிடப்பட்டதும் அந்தப் படம்தான்: 1946-இல் வந்த ‘கிரீன் ஃபார் டேஞ்சர்’. சிட்னி கில்லியட் இயக்கியது. கிறிஸ்டியானா பிராண்ட் 1944-இல் எழுதிய நாவல்தான் மூலம். அவருடைய கணவர் அறுவை மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரின் நடைமுறைகள் கதையில் இத்தனை துல்லியமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 ஆகஸ்ட். தென் இங்கிலாந்தின் மீது ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் (ஆளில்லாமல் இன்ஜினோடு பறந்து வந்து விழுபவை) விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு பழைய மாளிகையை அவசர மருத்துவமனையாக மாற்றியிருக்கிறார்கள். குண்டுவீச்சில் காயம்பட்ட ஒரு தபால்காரர் அறுவை மேசைக்கு வருகிறார். சாதாரண அறுவைதான், ஆனால் மயக்க நிலையிலேயே இறந்துபோகிறார். விபத்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தலைமை நர்ஸ் ஒருவர் மட்டும், நடன விருந்தில் எல்லோர் முன்னிலையிலும், அது கொலை என்றும் தன்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். அன்றிரவே அவரும் கொல்லப்படுகிறார். அதன் பிறகுதான் இன்ஸ்பெக்டர் காக்ரில் வந்து சேர்கிறார். கொலையாளி யார் என்று இந்த அறிக்கையில் எழுதமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள், அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஜூன் மாதத் திரையிடலில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தோம். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூட்டி அந்த அறுவையை மறுபடி நடத்திக்காட்டும் இறுதிக் கட்டத்துக்கு முன் படத்தை நிறுத்தி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, கொலையாளி என்று நினைப்பவரின் பெயரை எழுதச் சொன்னோம். கூடமே கலகலவென்று ஆகிவிட்டது. ஆனால் படம் முடிந்து நடந்த விவாதம்தான் என்னை யோசிக்க வைத்தது. சரியாக எழுதியவர்களில் பலர், “எனக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது, அதனால் சப்பென்று போய்விட்டது” என்றார்கள். தவறாக எழுதியவர்களோ, “கண்டுபிடிக்கவே வழியில்லாமல் ஏமாற்றிவிட்டார்கள்” என்றார்கள். ஆக, கண்டுபிடித்தாலும் படம் மட்டம், கண்டுபிடிக்காவிட்டாலும் மட்டம் என்று வருகிறது. இப்படி அளந்தால் உலகில் எந்தத் துப்பறியும் படமும் தேறாது. நாம் தீர்ப்புச் சொன்னது படத்துக்கு அல்ல, நம்முடைய ஊகத்துக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. அன்றிரவே மூத்த உறுப்பினர் ஒருவர் மறுபடி போடலாமே என்று கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

செப்டம்பர் திரையிடலில் நிலைமையே வேறு. யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே எப்படி என்று பார்க்க ஆரம்பித்தோம். படத்தின் தொடக்கத்திலேயே முகத்தை மூடி மேசையைச் சுற்றி நிற்கும் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் காட்டி, அவர்களில் ஒருவர் கொலையாளி என்று இன்ஸ்பெக்டரின் குரல் சொல்லிவிடுகிறது. கண்கள் மட்டும்தான் தெரியும். முதல் தடவை நாம் பெயர்களை நினைவில் வைக்கத் திணறினோம். இரண்டாம் தடவை அந்தக் கண்களைப் பார்த்தோம். சம்பந்தப்பட்ட நடிகர் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு அர்த்தம் வரும்படி நடித்திருப்பது அப்போதுதான் புரிந்தது. ஜூனில் “நடிப்பே இல்லை, மரம் மாதிரி நிற்கிறார்” என்று சொன்ன உறுப்பினரே செப்டம்பரில் எழுந்து அவரைப் பாராட்டிப் பேசினார்.

கொலை நடக்கும் முறையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. பெயரிலேயே பாதி இருக்கிறது. அந்தக் காலத்தில் மயக்கம் கொடுக்கும்போது மூச்சைத் தூண்டுவதற்காகக் கரியமில வாயு சிலிண்டரையும் தியேட்டரில் வைத்திருப்பார்கள். படத்தில் அதன் நிறம் பச்சை. ஆக்சிஜனுக்குக் கறுப்பும் வெள்ளையும். ஒரு பச்சை சிலிண்டருக்குக் கறுப்பு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால் என்ன ஆகும்? நோயாளியின் நிறம் மாறும்போது, மயக்க மருத்துவர் பதறி ஆக்சிஜனைக் கூட்டுவார். அவர் கூட்டக் கூட்ட விஷம்தான் உள்ளே போகும். காப்பாற்ற முனையும் கையே கொல்கிறது. மயக்க மருத்துவர் பார்ன்ஸாக வரும் ட்ரெவர் ஹோவர்டின் முகத்தில் அந்தத் தவிப்பைப் பார்த்தால், இதை வெறும் புதிர் விளையாட்டு என்று சொல்ல மனம் வராது.

இந்த இடத்தில், அரசு மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அம்மா அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். நம் நாட்டில் இன்றும் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாகத்தான் இருக்கிறது. மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவுக்கு நீலம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி யாரும் மாட்டுவதில்லை. 1950-களில் வந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு வாயுவின் சிலிண்டர் வால்விலும் துளைகள் தனித்தனி இடத்தில் இருக்கும், மயக்கம் கொடுக்கும் கருவியான பாயில்ஸ் மெஷினின் பிடியில் அதற்கேற்ற முளைகள் இருக்கும். ஒன்றுக்குரிய இடத்தில் இன்னொன்றை மாட்டப் போனால் உட்காராது. அம்மா இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டி விளக்கியபோது கூடம் முழுக்க அமைதியாகக் கேட்டது. அமெரிக்காவில் ஆக்சிஜன் சிலிண்டருக்கே பச்சை நிறம்தான். ஆக அங்கே உள்ள மருத்துவமனைக்காரர்கள் இந்தப் படத்தின் பெயரைப் பார்த்தால் குழம்பித்தான் போவார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை வைத்துப் புதிர் போடுவது நியாயமா என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. என் பதில்: நிறம் நம் கண்ணுக்குத் தெரியாததால்தான் நாம் பாத்திரங்களின் பேச்சை நம்ப வேண்டியிருக்கிறது, ஒருவர் பேச்சையும் நம்ப முடியாத கதையில் அது நன்றாகவே பொருந்துகிறது.

நர்ஸ் கொல்லப்படும் இரவுக் காட்சியைப் பற்றி ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை. காற்று அடிக்கும் இருட்டில் தோட்டத்தைக் கடந்து அவர் தனியாக அறுவை அறைக்கு வருகிறார். உள்ளே யாரோ, அறுவை அங்கியும் முகமூடியுமாக. ஒளிப்பதிவாளர் வில்கி கூப்பர் அந்த நிழல்களையும் வெள்ளைத் துணியையும் வைத்தே நம்மை உறைய வைக்கிறார். அந்த முகமூடி பகலில் நோயாளிக்குப் பாதுகாப்பு. இரவில் கொலைகாரருக்கு மறைவிடம். இதற்கு ஒரு வசனம் கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதிகம் சண்டை மூண்டது இன்ஸ்பெக்டரைப் பற்றித்தான். அலஸ்டேர் சிம் நடித்த காக்ரில் கர்வக்காரர், குத்தலாகப் பேசுபவர். இரண்டு டாக்டர்கள் அடித்துக்கொள்ளும்போது தடுக்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். படுக்கையில் துப்பறியும் நாவல் படித்துக்கொண்டே, குற்றவாளி இன்னார்தான் என்று தீர்மானித்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். ஆள் வேறு என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போகிறது. இரண்டு பேர் செத்திருக்கும் இடத்தில் இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று ஒரு தரப்பு. அவர் வந்த பிறகுதான் படமே உயிர்பெற்றது என்று மற்றொரு தரப்பு.

நான் இரண்டாம் தரப்பு, ஆனால் வேறு காரணத்துக்காக. அவர் வருவதற்கு முன்பே படம் வெகுதூரம் போய்விடுகிறது. அந்தப் பகுதியில் சிரிப்புக்கு இடமே இல்லை, எல்லோரும் சோர்ந்துபோன மனிதர்கள். அந்த மருத்துவமனையின் துக்கம் எதுவும் ஒட்டாத ஒரே ஆள் வெளியிலிருந்து வரும் இவர்தான், அதனால்தான் இவரால் கேள்வி கேட்க முடிகிறது. அந்த ஒட்டாமைக்கு விலையும் உண்டு. படம் முழுவதும் மேலதிகாரிக்கு அவர் எழுதும் அறிக்கையாகவே சொல்லப்படுகிறது. வழக்கைக் கண்டுபிடித்தும், கடைசி நிமிடத்தில் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் உயிர் போகக் காரணமாகிறார். அந்த அறிக்கை ராஜினாமாவில் போய் முடிகிறது. அத்தனை நேரம் நாம் ரசித்துச் சிரித்த அந்தத் தன்னம்பிக்கைதான் அங்கே இடறுகிறது. இதைச் சேர்த்துப் பார்த்தால் நகைச்சுவை தேவையில்லாத ஒட்டு என்று சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. இரண்டு டாக்டர்களுக்கும் ஒரு நர்ஸுக்கும் இடையிலான காதல் தகராறு இழுவைதான், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கொலைக்கான காரணத்தை முன்பே கோடி காட்டியிருந்தாலும், ஒருமுறை பார்ப்பவர் மனதில் அது தங்காது. முறையைக் கண்டுபிடிக்க நமக்கு நியாயமான வாய்ப்புத் தருகிறார்கள், காரணத்தைக் கண்டுபிடிக்கத் தருவதில்லை என்று ஆசிரியரான நம் துணைத்தலைவர் சொன்னது சரியான கணிப்பு.

ஒலிபெருக்கிச் செலவைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் இந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது. பறக்கும் குண்டின் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஆபத்து இல்லை. சத்தம் நின்றால்தான் அது விழப்போகிறது. 1944 ஜூன் 13 முதல் லண்டன் மக்கள் அந்த மௌனத்துக்குப் பயந்து வாழ்ந்தார்கள். அந்தக் குண்டுகளுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். படம் வந்தபோது தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இரண்டு வருடத்துக்கு முந்தைய நினைவு. ஜூனில் நம் பழைய ஒலிபெருக்கியின் கரகரப்பில் இன்ஜின் நின்றதே யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பரில் புதியதில் போட்டபோது, இரைச்சல் நின்ற அந்தச் சில நொடிகளில் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. ஜூனில் “போர்ச் சூழல் சும்மா அலங்காரத்துக்கு” என்று எழுதிக் கொடுத்தவர்கள் செப்டம்பரில் அதைத் திரும்ப எழுதவில்லை. நல்ல ஒலி இல்லாமல் பழைய படத்துக்குத் தீர்ப்புச் சொல்வது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம்.

இந்த விவாதத்தின் தொடர்ச்சியாக, 1943-இல் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளில் தொடங்கும் நம் ‘அந்த நாள்’ படத்தை நவம்பரில் திரையிட்டோம். எஸ். பாலசந்தர் 1954-இல் பாட்டே இல்லாமல் எடுத்த படம். போரும் கொலையும் விசாரணையும் அங்கேயும் உண்டு என்பதால் பேச்சு நெடுநேரம் போனது. அதன் குறிப்பைத் தனியே எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு மூன்று விஷயங்களை முன்மொழிகிறது. துப்பறியும் படங்களை இரண்டு முறை, இடைவெளி விட்டுத் திரையிடுவது முதலாவது. சீட்டு எழுதும் வழக்கம் தொடரட்டும், பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் கொலையாளியின் பெயரோடு, உங்களைச் சந்தேகப்பட வைத்த காட்சி எது என்பதையும் எழுத வேண்டும். அப்புறம், ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க முடியாதவர்களுக்காக, படத்துக்கு முன் பாத்திரங்களின் பெயரையும் தொழிலையும் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். முகமூடி போட்ட ஆறு பேரில் யார் யார் என்று தெரியாமல் முதல் அரைமணி நேரம் பலர் தவித்ததை நேரில் பார்த்தோம். அந்தப் பக்கத்தை எழுதித் தர விருப்பமுள்ளவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

கூடம் தந்த நூலகத்தார்க்கும், ஒவ்வொரு மாதமும் நாற்காலி போட்டு எடுத்து வைத்த இளைஞர்களுக்கும், தன் அனுபவத்தைப் பகிர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா அவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்