அனுப்பும் முன் பேசுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த என் தம்பி தொடர்பாக நான் அனுப்பியிருந்த மனுவுக்கு அண்மையில் பதில் வந்தது. நோயாளி உரிய நேரத்தில் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார், எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். பதில் எழுதிய அலுவலரை நான் குறை கூற மாட்டேன். பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பதிவேட்டில் நோயாளியை அனுப்பிய நேரம் இருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இருக்காது. ஆகவே மனுவில் கேட்டதையே தங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். தண்டுவடத்திலோ மூளையிலோ காயம்பட்ட ஒருவரை ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முன், அங்கே நரம்பியல் அறுவை மருத்துவரும் அறுவை அரங்கும் இருப்பதைப் பேசி உறுதி செய்துகொண்ட பின்னரே அனுப்ப வேண்டும் என்று ஆணையிடுங்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலையில் விழுந்தவரை 108 ஊர்தி தாமதமின்றி வந்து, பலகையில் கட்டி, அசையாமல் கொண்டு சேர்த்தது. முதல் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனும் உடனே எடுத்தார்கள். பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு நொறுங்கி, அதன் சில்லு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அசைக்கச் சொன்னார். இடது கால் பெருவிரல் அசைந்தது. அதை அவர் கேஸ் ஷீட்டில் எழுதியும் வைத்தார். தண்டுவடம் முழுவதும் செயலிழந்துவிடவில்லை என்பதற்கு அந்த ஒற்றை விரலே சான்று என்பதைத் தங்கள் துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மருத்துவமனையில் இரவில் நரம்பியல் அறுவை மருத்துவர் இல்லை. மேல் சிகிச்சைக்கு என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது மருத்துவமனையில் மருத்துவர் இருந்தார். ஆனால் ஒரு தலைக்காய நோயாளிக்கு அறுவை நடந்துகொண்டிருந்தது, அடுத்து இன்னொருவர் காத்திருந்தார். அது நியாயமே. எங்களை மூன்றாவது மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மறுநாள் உச்சிப்பொழுதில் நரம்பியல் அறுவை மருத்துவர் வந்து பார்த்தபோது அந்தப் பெருவிரல் அசையவில்லை.

இடையில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். முதலில் கட்டிய பலகை அந்த 108 ஊர்திக்கு உரியது என்பதால் முதல் மருத்துவமனையிலிருந்தே திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து ஊர்திக்கும், மறுபடி கட்டிலுக்கும் என்று ஒவ்வொரு முறையும் படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்துத்தான் தூக்கினோம். விரிப்பு நடுவில் தொய்யும்; முறிந்த இடமும் அதே நடுப்பகுதிதான். ஓட்டுநர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, மருத்துவமனைப் பணியாளர் ஒருவர், அடுத்த கட்டில் நோயாளியின் மைத்துனர் ஒருவர். முள்ளெலும்பு முறிந்தவரை மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடல் வளையாமல் திருப்ப வேண்டும் என்று பயிற்சி பெற்றவர் எவரும் அந்த நால்வரில் இல்லை.

உடனே அறுவை செய்திருந்தால் என் தம்பி எழுந்து நடந்திருப்பார் என்று நான் வாதிட வரவில்லை. எந்த நேர்மையான மருத்துவரும் அந்த உறுதியைத் தர மாட்டார். ஆனால் ஓரளவேனும் உணர்வோ அசைவோ எஞ்சியிருக்கும் தண்டுவடக் காயத்தில், முதல் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால் மீள்வதற்கான வாய்ப்பு கூடும் என்பது இன்று நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. அந்த நேரத்தில் பெரும்பகுதியை நாங்கள் சாலையிலும் வராந்தாவிலும் கழித்தோம். பிறகு மூன்றாவது மருத்துவமனையில் திருகுகளும் கம்பிகளும் வைத்து எலும்பை நேர்த்தியாகவே நிலைநிறுத்தினார்கள். அந்த மருத்துவர்மீது எனக்கு நன்றியுணர்வு தவிர வேறொன்றும் இல்லை.

மூளைக்கும் இதே நிலைதான். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் கட்டியவர் முதலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், பிறகு சட்டென்று நினைவிழப்பார். நேரத்தோடு மண்டையோட்டைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை ஊர்தியில் செலவிடுவதற்குப் பெயர் மேல் சிகிச்சை என்றால், அது யாருக்கு மேலான சிகிச்சை?

இப்படிப் பேசி உறுதி செய்துகொண்டு அனுப்புவது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல இயலாது. மாரடைப்புக்கு இதைத்தான் இதே தமிழ்நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். சிறிய மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, அதைப் பெரிய மருத்துவமனையின் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்னபடி இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி, அதன் பிறகு நோயாளியை அனுப்புகிறார்கள். இதயத்துக்குப் பேசும் தொலைபேசி முதுகுத்தண்டுக்குப் பேசாதா? ஸ்கேன் படத்தை நரம்பியல் அறுவை மருத்துவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்து, அனுப்பலாமா, எங்கே அனுப்புவது, எந்த அரங்கு காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். எங்களுக்கு அந்த ஓர் அழைப்பு கிடைத்திருந்தால், இரண்டாவது மருத்துவமனைக்குப் போகாமல் நேராக மூன்றாவது மருத்துவமனைக்கே போயிருப்போம்.

நம் மாநிலத்துக்கு இத்துறையில் இருக்கும் பெருமையை நினைத்தால் ஆற்றாமை இன்னும் கூடுகிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஸ்கேன் இயந்திரங்களுக்கு ரிப்பன் வெட்டுகிறோம், கல்வெட்டு வைக்கிறோம், அவசர சிகிச்சைப் பிரிவுச் சுவர்களுக்கு, நோயாளியின் நிலையின் கடுமையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமும் பூசியிருக்கிறோம். இரவு பத்து மணிக்கு அந்த ஸ்கேனைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பது மட்டும் திட்ட மதிப்பீட்டில் விடுபட்டுப் போகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. அது நல்ல திட்டம். மரம் ஏறுபவரும், சாரத்திலிருந்து விழும் கொத்தனாரும், கிணற்றில் தவறி விழுபவரும் செய்த பிழை, சாலையில் போய் விழாததுதான் போலும்.

எழுத்தில் கடுமை ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆணை பிறப்பிக்கும்போது இன்னொன்றையும் கருத வேண்டும். தம்பியைப் போன்றவர்களுக்கு வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், நேரம் தவறாமல் குழாய் செலுத்திச் சிறுநீர் எடுப்பதும்தான் இனி உயிர்காக்கும் மருத்துவம். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஆளையே கொண்டுபோய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். அவரோடு சிறுநீர்க் குழாய்களும் புண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியரும் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆயினும் என் முதன்மைக் கோரிக்கை அதுவல்ல. புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ நான் கேட்கவில்லை. எந்த அரசு மருத்துவமனையில் எந்த நேரத்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் பணியில் இருக்கிறார் என்ற பட்டியல், இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், பேசி உறுதி செய்த பின்னரே நோயாளி புறப்பட வேண்டும் என்ற ஆணை, உறுதி செய்தவரின் பெயரும் நேரமும் சீட்டில் எழுதப்பட வேண்டும் என்ற விதி, அந்தப் பலகை நோயாளியோடு கடைசி வரை செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு ஆகியவை போதும். இவற்றை ஒரு மண்டலத்திலாவது தொடங்கி, தொடங்கும் தேதியை அறிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மடலையும் முடித்துவைக்க வேண்டியிருந்தால், அந்தத் தேதியை எழுதி முடித்துவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தென்னை மரத் தொழிலாளியின் அண்ணன்