வீடுவீடாக ஊழியத்துக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். அடுத்த மாதம் முதல் வீட்டு ஊழியத்துக்குப் போகப்போவதாகவும், வாசலில் முதலில் எந்த வசனத்தைச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தாய். வசனம் இருக்கட்டும். வாசலில் உன்னிடம் என்ன கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போ.

நம் ஊர்ப்பக்கம் துண்டுப்பிரதியை வேண்டாம் என்பவர்கள் குறைவு. கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். நீ தெருமுனை திரும்புவதற்குள் அது டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். வாங்கியது மரியாதைக்காக. அதைக் கணக்கெடுத்து ஞாயிறு ஆராதனையில் அறிக்கை வாசிக்காதே. "எல்லா சாமியும் ஒண்ணுதாம்பா" என்று ஒருவர் சொன்னால் பேச்சை நாகரிகமாக முடித்துவைக்கிறார் என்று பொருள். அங்கே நின்று "அப்படியில்லைங்க ஐயா" என்று ஆரம்பித்தால், பெருந்தன்மையாகச் சொன்னவரை வீட்டு வாசலிலேயே வைத்துத் திருத்துகிறாய். அந்த வீடு அதோடு மூடிவிடும். கோபப்படுகிறவரிடமும் நிற்க வேண்டாம். நின்று கேள்வி கேட்கிறார் பார், உன் நேரமெல்லாம் அவருக்குத்தான். அவர் திரித்துவத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். வேதாகமக் கல்லூரியில் படித்ததில் பாதி அங்கே செல்லாது.

"உங்க கல்லறையில எங்க ஆளுக்கு மட்டும் ஏன் தனி மூலை?" "பாஸ்டர் கார் யார் காசு?" "சர்ச்சுக்குப் போறாங்க, சர்டிபிகேட்ல மட்டும் இந்துவா?" இந்த மூன்றும் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும்.

முதல் கேள்வி மிகப் பழையது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, கிறிஸ்தவத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இங்குள்ளவர்களிடம் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். கிறிஸ்தவர்களின் குடி, சுத்தக்குறைவு, நடத்தை எல்லாவற்றையும் அந்தப் பதில்களில் நம் ஊர்க்காரர்கள் போட்டு உடைத்திருந்தார்கள். அதே தரங்கம்பாடி ஆலயத்தில் சாதி பார்த்துத்தான் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே அறவே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கோயில் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் சேரும். இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம், நடுவில் சுவர். 1910 வாக்கில் குருக்கள் அந்தத் தடுப்பை எடுத்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனியிடம் கேட்டவர்கள் தோற்றார்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுந்தது. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்ட எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு (தனிக் கோயிலும் குருவும் உள்ள சபைப் பிரிவு) கேட்ட தகராறு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து 2 பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே நற்கருணை வாங்கியவர்கள்.

ஆகவே, "சாதி இந்து சமயத்திலிருந்து வந்தது, எங்கள் வேதத்தில் இல்லை" என்ற பதிலைத் தயவுசெய்து சொல்லாதே. அது பாதி உண்மை. கேட்பவருக்கு முழு மழுப்பலாகப் படும். வேதத்தில் இல்லாதது உங்கள் கல்லறையில் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு உன்னிடம் பதில் இருக்காது. சபைக்குள் சாதி இருக்கிறது என்பதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நீ மறைப்பதில் என்ன லாபம்? "ஆமாம் ஐயா, இருக்கிறது, தப்புதான்" என்று சொல். இவ்வளவு போதும். பிறகு அவர் பேசட்டும்.

ஊழியத்துக்குப் புறப்படுமுன் உன் சொந்தச் சபையை ஒரு சுற்றுப் பார்த்து வை. கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல், யார் எந்த வாசலால் போகிறார்கள்? திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவரை போய்த் திரும்புகிறது? பாடகர் குழுவில், கமிட்டியில் யார் யார்? அசன விருந்தில் பந்தி ஒன்றா இரண்டா? பாஸ்டரேட் (சபை வட்டார) அறிவிப்புப் பலகையில் வரன் தேடும் சீட்டு இருந்தால் அதையும் படி. "சிஎஸ்ஐ" (தென்னிந்தியத் திருச்சபை) என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கும். நீ கதவு தட்டப்போகும் தெருக்காரருக்கு இதெல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும். ஒருவனை மார்க்கத்தானாக்கக் கடலையும் நிலத்தையும் சுற்றுகிறீர்கள் என்று மத்தேயு 23:15இல் இயேசு பரிசேயரைத் திட்டுகிறாரே, அந்த வசனத்தை எடுத்து மேடையில் பிரசங்கிப்பது அபூர்வம்.

சர்டிபிகேட் கேள்வியில் மட்டும், கேட்பவர் பக்கம் எல்லா நியாயமும் இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேரவில்லை. ஞானஸ்நானம் எடுத்த மறுநாளும் ஊரில் அவரைப் பழைய பெயரால்தான் கூப்பிடுவார்கள்; தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். கொடுமை மாறாது, சலுகையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகும். மத நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, மாறவில்லை. இந்த நெருக்கடியில் ஒரு குடும்பம் சான்றிதழை மாற்றாமல் இருப்பதை மாய்மாலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாய்மாலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் இதையெல்லாம் சொல்லாமல் மறைத்து, எடுத்தபின் "காகிதத்தை மாற்றாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று காதோடு சொல்கிற ஊழியரிடம் இருக்கிறது. கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாட்டிக்கொள்வது ஊழியர் அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளை எந்த விடுதியில் தங்கிப் படிக்கிறது, எந்த உதவித்தொகை வாங்குகிறது என்று கேட்டு, என்னென்ன போகும் என்று முன்கூட்டியே விளக்கு. யோசிக்க நேரம் கேட்டால் கொடு.

பண விஷயம் சுருக்கமாக. காணிக்கைக் கவரை ஊழியப் பையில் வைக்காதே. பிரதியின் பின்பக்கம் ஸ்கேன் பண்ணும் கட்டம் அச்சடித்திருந்தால் அந்தப் பிரதிக்கட்டை அப்படியே திருப்பிக் கொடு. திருமண்டலத் (பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தல் வழக்குகள், நிர்வாகத்துக்கு நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்த செய்திகள் எல்லாம் அவர்களும் பேப்பரில் படிக்கிறார்கள். உனக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு.

ஒலிபெருக்கி விஷயமும் உண்டு. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சத்தத்தை எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் விடிய விடிய போடுகிறார்களே என்பாய். உண்மைதான். ஆனால் அறைக்கதவைப் பூட்டி ஜெபி என்ற போதனையைக் கையில் வைத்திருப்பவன் நீ, உன்னைத்தான் கேட்பார்கள்.

சட்டத்தில் உன் நிலையையும் தெரிந்துகொள். அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்காக வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்றில்லை. அடுத்தவர் தெய்வத்தைப் பிசாசு என்றால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகள் காத்திருக்கின்றன. சட்டத்தை விடு, எபேசுவில் பவுலின் கூட்டாளிகள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று ஊர் அதிகாரியே சாட்சி சொன்னதாக அப்போஸ்தலர் 19:37இல் இருக்கிறது. நம்மைப் பற்றி எந்தப் பஞ்சாயத்துத் தலைவர் அப்படிச் சொல்வார்?

மற்றவை சில்லறை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. படியேறாதே, கூப்பிட்டால் உட்கார். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகளிடம் பிரதியோ மிட்டாயோ கொடுக்காதே, அதுதான் முதலில் ஊர்ப்பிரச்சினை ஆகும். நோயாளியின் தலையில் கேட்காமல் கை வைக்காதே, மாத்திரையை நிறுத்து என்று எந்தக் காரணத்துக்கும் சொல்லாதே. பெரிய ஆஸ்பத்திரி வார்டுகள் பக்கமே போகவேண்டாம், படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. அம்மன் கொடைக்குக் கால் நாட்டியதிலிருந்து கொடை முடியும் வரை அந்தத் தெருவை விட்டுவிடு. பிரசாதம் நீட்டினால் வாங்குவதா வேண்டாமா என்பது உன் மனச்சாட்சி; வேண்டாமென்றால் இரண்டு கையும் கூப்பிச் சொல், முகத்தைத் திருப்பாதே.

அன்புடன்,
அண்ணன்

பின்குறிப்பு: பிரதியில் சபையின் பெயரும் முழு முகவரியும் தெளிவாக இருக்கட்டும். விலாசமில்லாத தாளைத்தான் ஆட்கள் "வெளிநாட்டுக் காசு" என்பார்கள். அச்சகத்தில் 5,000 அடித்தால் மலிவு என்பார்கள், 500 போதும்.